காமன் பொட்டலும் பெரட்டுக் களமும்

தேயிலைத் தோட்டத்தில் வாழும் மக்கள் ஒன்றுகூடும் இடங்கள் இரண்டு. ஒன்று, நாள்தோறும் விடியற்பொழுதிற் கூடும் பெரட்டுக் களம். மற்றொன்று, ஆண்டுக்கொரு முறை மாசித் திங்களிற் கூடும் காமன் பொட்டல். 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லே தோட்டத்து மக்களின் நாவிற் 'பெரட்டு' ஆயிற்று. அங்கே துரைமாரின் பொருட்டுக் கணக்கப்பிள்ளையும் கங்காணியும் ஆட்களை எண்ணுவர். வந்தவர் இத்தனை பேர், வராதவர் இத்தனை பேர், இன்ன மலைக்கு இத்தனை பேர் என வகுப்பர். காமன் பொட்டலிலோ மக்களை எண்ணுவோர் மக்களே. இவ்விரு கூட்டங்களுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை உணர்ந்தாலன்றி, மலையகத் தோட்டங்களிற் காமன் கூத்துத் தலைமுறை தலைமுறையாக நின்று நிலவுதற்கான காரணத்தை உணர்தல் அரிது.

ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள தோட்டமொன்றிற் பிறந்து, பேராதனையிற் பயின்று, கண்டியில் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றுள்ள ஒருவர் இவ்வேறுபாட்டைத் தம் வாழ்நாளிற் சிறிது சிறிதாகவே அறிந்துகொண்டார். ஆண்டுதோறும் மாசி மாதத்தில், வேறெந்தக் கடமையையும் ஒதுக்கிவைத்துவிட்டு, அவர் பிறந்த தோட்டத்துக் காமன் கூத்துக்குச் செல்வது வழக்கம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடரும் இவ்வழக்கத்தை அவரது நண்பர் சிலர் பக்தி என்பர். வேறு சிலர் ஊர்ப்பாசம் என்பர். அவர் இரண்டையும் மறுப்பதில்லை. எனினும் இரண்டுமே முழு உண்மை அல்ல என்பது அவரது உள்ளத்துக்குத் தெரியும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஊடாகச் செல்லும் கலஹா வீதி தெல்தோட்டை நோக்கி மலையேறுகின்றது. அதற்கப்பாற் பரந்து கிடக்கும் ஹேவாஹெட்ட மலைகள் இலங்கைத் தேயிலையின் தொட்டில் எனத் தகும். இப்பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்திலேயே ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் டெயிலர் 1867ஆம் ஆண்டிற் பத்தொன்பது ஏக்கர் நிலத்தில் வணிக நோக்குடன் தேயிலையைப் பயிரிட்டார். ஈராண்டுகளின் பின், 1869இல், கோப்பிச் செடியை இலைநோய் பற்றத் தொடங்கியது. கோப்பி அழிந்த மலைகளிலெல்லாம் தேயிலை படர்ந்தது. இவ்வரலாறு பாடநூல்களிற் காணப்படுவதே. ஆயின், அதே ஹேவாஹெட்டையின் முல்லோயாத் தோட்டத்தில் 1940ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள், வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி இரையானமை அத்துணை பரவலாக அறியப்பட்டதன்று. தேயிலையை நட்டவரின் பெயர் உலகறிந்தது. அதன் நிழலில் மாண்டவரின் பெயரை மக்களே நினைவில் வைத்துக் காக்க வேண்டியதாயிற்று. மறவாமைக்கு ஏடு இல்லாத மக்கள் கூத்தையும் பாட்டையும் ஏடாகக் கொள்வதில் வியப்பில்லை.

காமன் கூத்தின் கதை யாவரும் அறிந்ததே. தக்கன் வேள்வியின் பின்னர்ச் சிவன் தவத்தில் ஆழ்கின்றான். அத்தவத்தைக் கலைக்குமாறு தேவர்கள் மன்மதனை ஏவுகின்றனர். ரதி போகவேண்டாமெனத் தடுக்கின்றாள்; தான் கண்ட தீக்கனவுகளை எடுத்துரைக்கின்றாள். மன்மதன் கேளாது சென்று கரும்பு வில்லை வளைத்து மலர்க்கணை தொடுக்கின்றான். நெற்றிக்கண் திறக்கின்றது, காமன் எரிந்து சாம்பராகின்றான். ரதி கதறி அழுகின்றாள். அவளது அழுகைக்கு இரங்கிய சிவன் மன்மதனுக்கு மீண்டும் உயிர் அளிக்கின்றான். ஆயினும் அவன் ரதியொருத்தியின் கண்ணுக்கு மட்டுமே புலனாவான் என்பது வரம்.

தோட்டத்தில் இக்கதை ஓரிரவில் ஆடி முடிக்கப்படுவதன்று. மாசி அமாவாசையை அடுத்த மூன்றாம் பிறையிற் பொட்டலிற் காமன் ஊன்றப்படும். அன்று தொட்டுப் பௌர்ணமியை ஒட்டிய தகன நாள் வரை, வேடம் கட்டுவோர் விரதம் காப்பர், புலாலை விலக்குவர். இரவுதோறும் தப்பு முழங்க, ரதியும் மதனும் ஆடுவர். ரதியாக வருபவரும் ஆணே. தகன நாளில் ஆட்டக்காரர் லயம் லயமாகச் செல்வர். ஒவ்வொரு வாசலிலும் வரவேற்பு நிகழும். அன்றிரவு தூதன், வசந்தன், இந்திரன், வீரபத்திரன், யமன் எனப் பாத்திரங்கள் ஒவ்வொன்றாகப் பொட்டலில் இறங்கும். பரண்மீது தவமிருக்கும் சிவனின் முன்னே மதன் கணை தொடுக்க விடியற்பொழுது நெருங்கிவிடும். காமன் எரிந்தபின் எழும் ரதியின் புலம்பலைக் கேட்டு விழிநீர் சிந்தாத தாய்மாரைக் காண்டல் அரிது. பின்னர்க் காமனை எழுப்பும் சடங்குடன் விழா நிறைவுறும்.

தமிழ்நாட்டிற் காவிரி நாட்டுச் சிற்றூர்களிலே காமன் பண்டிகை, எரிந்த கட்சி, எரியாத கட்சி என்னும் இரு திறத்தார் பாடும் லாவணிக்குப் பேர்பெற்றது. காமன் உண்மையில் எரிந்தானா, இல்லையா என்பதே அவர்தம் வாதம். கடல் கடந்து வந்தவர்கள் கொண்டுவந்த கதை அதுவேயாயினும், இந்த ஆசிரியர் கண்ட பொட்டலில் வாதத்தைவிடப் புலம்பலே மேலோங்கி நின்றது. காடு வெட்டவும் கோப்பி நடவும் வந்த வழியிற் பிள்ளையையும் பெற்றோரையும் இழந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு, எரிந்ததா இல்லையா என்பது கேள்வியே அன்று. எரிந்தபின் எஞ்சியவர் என்செய்வர் என்பதே அவர்தம் கேள்வி.

ஆசிரியரின் தந்தை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அப்பொட்டலில் ரதி வேடம் கட்டியவர். பகலிற் கவ்வாத்துக் கத்தியுடன் தேயிலைச் செடிகளிடையே நின்றவர், இரவிற் சலங்கை கட்டிச் சேலை உடுத்துப் பெண்மையின் நளினத்தோடு அடியெடுத்து வைத்தமை சிறுவனாயிருந்த மகனுக்கு முதலில் நாணத்தையே அளித்தது. பள்ளித் தோழர் கேலி செய்தனர். ஆனால் ரதியாகிய தந்தை லயத்து வாசலுக்கு வரும்போது, முதுபெண்டிர் அவரது பாதத்தில் நீர் ஊற்றி வணங்கியதையும், மறுநாள் விடியலில் அதே தந்தை பெரட்டுக் களத்திற் சற்றுத் தாமதித்து வந்து நின்றமைக்காகக் கங்காணியிடம் ஏச்சு வாங்கியதையும் அச்சிறுவன் ஒருசேரக் கண்டான். ஒரே மனிதர் ஓரிடத்தில் தெய்வமாகவும் மற்றோரிடத்தில் ஓர் எண்ணாகவும் இருத்தல் கூடுமென்பதை அவன் கற்றது அன்றே.

காமன் கூத்துக்கெனக் குடும்பந்தோறும் வரிப்பணம் தண்டுவது வழக்கம். அவ்வரியைப் பதிவதற்கு ஒரு கொப்பி இருந்தது. பழுப்பேறிய அக்கொப்பியில் ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு வரி ஒதுக்கப்பட்டு, குடும்பத் தலைவரின் பெயர் எழுதப்பட்டிருந்தது. தோட்டத்திலே 'செக்றோல்' என வழங்கும் பெயர்ப்பதிவேடும் இதனைப் போன்றதே எனத் தோன்றலாம். ஆயின் இரண்டுக்கும் பெரும் வேறுபாடு உண்டு. அவ்வேறுபாடு வெளிப்பட்டது ஒப்பந்த காலத்திலேயாம்.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், ஏறத்தாழ 975,000 பேரில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் வகுத்தது. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொள்வதென 1974இல் முடிவாயிற்று. மாந்தரைப் பங்கிடும் இக்கணக்கில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மற்றொரு நாட்டுக்கும் உரியவராகினர். ஆசிரியரின் குடும்பத்திலும் அதுவே நிகழ்ந்தது. 1981ஆம் ஆண்டில் அவரது மூத்த சகோதரர் மனைவி மக்களுடன் கண்டியிற் புகையிரதம் ஏறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறினார்.

அவர் புறப்பட்டவுடன் செக்றோலில் அவரது பெயர் மீது ஒரு கோடு இழுக்கப்பட்டது. காம்பராவும் வேறொருவருக்கு அளிக்கப்பட்டது. அடுத்த மாசியிற் காமன் வரிக்கொப்பி விரிக்கப்பட்டபோது, அண்ணனின் பெயர் அங்கே இருந்தவாறே இருந்தது. வரி தண்டியவர் அப்பெயரை வாசித்தார், சற்று நிறுத்தினார், அடுத்த பெயருக்குச் சென்றார். அவ்வாறு வாசிக்கப்பட்டு நிறுத்தப்பட்ட பெயர்கள் அவ்வாண்டிற் பலவாக இருந்தன. மாண்டவர் பெயரும் பெயர்ந்தவர் பெயரும் வெட்டப்படுவதில்லை என்பது அக்கொப்பியின் எழுதப்படாத விதி. அன்றிரவு ரதியின் புலம்பல் கேட்டபோது, உயிரோடு இருந்தும் கண்ணுக்குப் புலனாகாதிருப்போன் மதன் ஒருவன் மட்டுமல்லன் என்பதை அப்பொட்டலில் இருந்த ஒவ்வொருவரும் உணர்ந்திருத்தல் வேண்டும். 1984இற் கப்பற் சேவை நின்றது. அண்ணனை அவர் மீண்டும் காண்பதற்குப் பல்லாண்டுகள் சென்றன.

அண்ணன் சென்ற காலத்தில் தம்பி பேராதனையில் மாணவராக இருந்தார். தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்தோர் அக்காலத்தில் மிகச் சிலரே. பேராதனையின் சூழலோ கூத்தினைப் போற்றிய சூழல். பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1956இல் 'மனமே' நாடகத்தினால் சிங்கள அரங்குக்குப் புது நெறி காட்டியதும், 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு, மன்னார் முதலிய இடங்களின் கூத்துகளை ஆராய்ந்து, இராவணேசன் போன்ற ஆக்கங்களால் அவற்றை நவீன மேடைக்கு ஏற்றியதும் ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றின் பொன்னேடுகளாம். படித்தோரின் இகழ்ச்சிக்கு உள்ளாகியிருந்த கலை மதிப்புப் பெற்றது. தந்தையின் ரதி வேடத்துக்கு ஒருகால் நாணிய மாணவர், அவ்வேடம் ஆய்வுக்குரிய செல்வம் என்பதை விரிவுரை மண்டபத்தில் அறிந்து தலைநிமிர்ந்தார். பல்கலைக்கழகம் அவருக்கு அளித்த பெருங்கொடை அது. அக்கொடையோடு ஒரு விலகலும் உடன் வந்தமையை அவர் பின்னரே அறிந்தார்.

இறுதியாண்டு ஆய்வுக்கெனக் காமன் கூத்தைத் தெரிந்தெடுத்து, நண்பரொருவரின் ஒலிப்பதிவுக் கருவியை இரவல் பெற்று, மாசி மாதத்தில் அவர் தோட்டத்துக்குச் சென்றார். லயத்தின் இஸ்தோப்பில் தந்தையை இருத்தி, ரதியின் புலம்பலைப் பாடுமாறு வேண்டினார். தந்தை நான்கு அடி பாடினார். ஐந்தாம் அடியில் நின்றுவிட்டார். மீண்டும் தொடங்கினார், மீண்டும் அதே இடத்தில் நின்றார். மறதியோ என மகன் ஐயுற்றார். தந்தை சிரித்துக்கொண்டே சொன்னது இதுதான்: "தப்பு இல்லாம காலு வராதுடா, காலு வராம பாட்டு எங்க வரும்? பொட்டலுக்கு வா, கேட்டுக்க."

அன்றிரவு பொட்டலின் ஓரத்திற் கருவியுடன் அவர் நின்றார். நெருப்பிற் காய்ச்சிய தப்புகள் முழங்கத் தொடங்கியதும், பகலில் நின்றுபோன ஐந்தாம் அடி தடையின்றி வந்தது. அதன்பின் ஐம்பது அடிகள் வந்தன. கூத்தைப் பழக்கும் முதியவர், சிறுவயதில் அவரை 'டேய்' என அழைத்தவர், அவரருகே வந்து, "தம்பி, நீங்க அந்தப் பொட்டிய வச்சுட்டுப் பின்பாட்டுக்கு வாங்க, ஆளு கொறைவா இருக்கு" என்றார். அழைப்பைவிட அந்த 'வாங்க' என்னும் மரியாதைச் சொல்லே அவரை உறுத்தியது. ஊராருட் படித்தவனாயினும் ஊரானே என எண்ணியிருந்தவருக்கு, ஊரார் தம்மை விருந்தினராகக் கணிக்கத் தொடங்கிவிட்டமை அச்சொல்லால் விளங்கிற்று. ஆய்வுக்குப் பதிவு முக்கியம் எனக் கருதி அன்று அவர் போகவில்லை. அவ்வொலிநாடா இன்றும் அவரிடம் உள்ளது. அதில் ரதியின் குரல் தெளிவாக இருக்கின்றது. பின்பாட்டு மெலிந்து ஒலிக்கின்றது. மெலிந்த அப்பின்பாட்டில் ஒரு குரல் குறைவதற்குத் தாமே காரணம் என்பதை அதனைக் கேட்குந்தோறும் அவர் எண்ணாதிருப்பதில்லை.

1983 ஜூலை வன்செயல்களின் பின்னர் வந்த மாசியிற் காமன் ஊன்றுவதா என்பதே கேள்வியாயிற்று. தீயைக் கண்டு அஞ்சியிருந்த மக்களிடையே, இவ்வாண்டு தகனம் வேண்டாம், இரவில் தப்பொலியும் வேண்டாம் எனச் சிலர் உரைத்தனர். அவ்வச்சம் நியாயமானது. ஆயினும், எரிக்காவிடில் எழுப்புவது எங்ஙனம் என்பது தந்தை போன்ற முதியோரின் வாதம். இறுதியிற் காமன் ஊன்றப்பட்டது, ஆட்டம் சுருக்கப்பட்டது, தகனம் நள்ளிரவுக்கு முன்னரே முடிந்தது. அன்று கருவி எதுவும் கொண்டுசெல்லாத மகன் பின்பாட்டுக்காரரோடு சென்று நின்றார். பாட்டின் பாதி அவருக்குத் தெரிந்தது. மறுபாதிக்கு வாயை மட்டும் அசைத்தார். எவரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை.

ஆண்டு விழாவொன்றுக்குச் செல்லுதல் என்பது உலகெங்கும் உள்ள வழக்கம். கண்டியில் எசல பெரஹராவைக் காண நாட்டின் பல பாகத்தாரும் பிறநாட்டாரும் திரள்வர். கென்யாவின் கரையோரத்திலுள்ள லாமு என்னும் சுவாகிலித் தீவின் பழைய நகரம் 2001ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அங்கே நபிகள் நாயகத்தின் பிறப்பைப் போற்றும் மவுலிதி விழாவுக்கு ஆபிரிக்கக் கிழக்குக் கரையெங்குமிருந்து மக்கள் வந்து ஓதுவர், பாடுவர். அதே தீவிற் பண்பாட்டு விழா என்னும் பெயரில் நடைபெறும் பிறிதொரு விழாவிற் பாய்மரத் தோணி ஓட்டமும் கழுதை ஓட்டமும் இடம்பெறும். அவற்றைக் காண அயல்நாட்டாரும் வருவர். ஒன்று ஓதுவதற்கு வருவோரால் நிலைபெறுவது. மற்றொன்று காண்பதற்கு வருவோராலும் செழிப்பது. பின்னதைத் தாழ்த்திக் கூறுதல் தகாது. தோணி கட்டும் கைத்தொழிலும் பாய் விரிக்கும் திறனும் மதிப்புப் பெறுவதற்கு அத்தகைய விழாக்கள் துணைபுரிகின்றன. ஆனால் காண்போர் வராத ஆண்டில் எந்த விழா நிற்கும், எது நில்லாது என்னும் கேள்வி எஞ்சுகின்றது.

காமன் கூத்துக்கும் இத்தகைய இரட்டை வாழ்வு ஏற்பட்டுள்ளது. கலாசார விழாக்களிலும் கருத்தரங்குகளிலும் அது மேடையேறுகின்றது. ஆசிரியர் அவ்வாறான நிகழ்ச்சிகள் சிலவற்றுக்கும் சென்றுள்ளார். மின்விளக்கொளியில், குறுகிய நேரத்துள், மதன் புறப்பட்டு எரிந்து எழுந்துவிடுகின்றான். ஆட்டம் செம்மையாகவே அமைகின்றது. நகரத்து மாணவர் கைதட்டி மகிழ்கின்றனர். ஆட்டக்காரருக்குப் பொன்னாடையும் கிடைக்கின்றது. கங்காணியின் ஏச்சைக் கேட்ட தந்தைக்கு அப்பொன்னாடை கிடைத்திருப்பின் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும் என அவர் எண்ணியதும் உண்டு. ஆகவே மேடையை அவர் வெறுப்பவரல்லர். எனினும் மேடையில் இல்லாத ஒன்று பொட்டலில் உண்டு: அங்கே வரிக்கொப்பி இருக்கின்றது. மேடை ஆட்டக்காரரை மட்டும் வேண்டுகின்றது. பொட்டல் ஊரையே வேண்டுகின்றது. விறகு சுமப்போர், பரண் கட்டுவோர், பந்தம் பிடிப்போர், தேநீர் காய்ச்சும் பெண்கள், உறங்கிவிழும் குழந்தைகள் ஆகிய எல்லாரும் அங்கு உறுப்பினரே. பார்வையாளர் எனத் தனியே ஒருவரும் இலர்.

இவ்வாறு கூறுவதால் பொட்டலிற் குறையே இல்லை எனக் கொள்ளலாகாது. தப்படித்தல் நெடுங்காலமாகச் சாதியின் பெயரால் ஒரு பிரிவினர்மீது சுமத்தப்பட்ட தொழிலாக இருந்தது. விழா முடிவில் ஏனையோர் இன்புற்றுக் கலைய, தப்படித்தோர் ஒதுங்கி நின்று கூலி பெற்ற காட்சியை ஆசிரியர் தம் இளமையிற் கண்டவர். அக்குடும்பங்களின் இளைஞர் படித்து முன்னேறியபின் தப்பைத் தொட மறுத்தபோது, கலை அழிகின்றதே என முறையிட்டோர் பலர். அம்மறுப்பில் நியாயமுண்டு என்பதை ஒப்புக்கொண்டோர் சிலரே. பின்னர், பிற குடும்பத்து இளைஞரும் தப்பெடுத்துப் பழக முன்வந்தமையாலேயே அப்பொட்டலில் முழக்கம் மீண்டது. மரபைக் காத்தலும் மரபின் பிழையைத் திருத்தலும் ஒரே இரவில், ஒரே பொட்டலில் நிகழ வேண்டியவை என்பதற்கு இது சான்று.

2003ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், நாடற்றவராக எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்கு இலங்கைக் குடியுரிமையை உறுதிசெய்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகளின் பின் மக்கள் நாட்டுக்குரியவராயினர். ஆனால் அதற்குள் தோட்டம் மாறிவிட்டது. 1970களில் அரசுடைமையான பெருந்தோட்டங்களின் நிருவாகம் 1992இற் கம்பனிகளின் கைக்குச் சென்றது. இளைஞர் கொழும்பின் கடைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் சென்றனர்; பெண்கள் மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்றனர். ஒரு காலத்தில் ஒப்பந்தம் பிரித்த குடும்பங்களை இப்போது வருவாயின் தேவை பிரித்தது.

இச்சட்டம் வந்து சில ஆண்டுகளுக்குள் ஒரு மாசியில் அப்பொட்டலில் ரதி இல்லாமற் போயிற்று. தந்தை காலமாகிவிட்டிருந்தார். அவருக்குப்பின் ரதி கட்டியவர் கொழும்பில் வேலையை விட்டு வரமுடியாதிருந்தார். இவ்வாண்டு கூத்தை நிறுத்திவிடலாம் என்றனர் சிலர். புலம்பலை மட்டும் விட்டுவிட்டு ஏனையவற்றை ஆடலாம் என்றனர் வேறு சிலர். புலம்பலில்லாத காமன் கூத்து எத்தகையதாயிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்த ஆசிரியர், தம்மிடமிருந்த பழைய ஒலிநாடாவை எடுத்துச் சென்றார். பதினேழு வயது மாணவன் ஒருவன் முன்வந்தான். ஆசிரியர் நாடாவை ஓடவிட்டுச் சொற்களை எழுதிக் கொடுத்தார். சொற்களை மூன்று நாளில் மனனஞ் செய்துவிட்ட அவனாற் பாட இயலவில்லை. இஸ்தோப்பில் தந்தை நின்றுபோன அதே இடத்தில், அந்த ஐந்தாம் அடியிலேயே, அவனும் நின்றான்.

தப்படிக்கும் முதியவரொருவரை அழைத்துவந்து, அவனைப் பொட்டலில் இறக்கி, இரவுதோறும் பழக்கிய பின்னரே பாட்டு வந்தது. அப்போதும் இடையிடையே அவன் தடுமாறினான். தடுமாறிய இடங்களிலெல்லாம் பின்பாட்டு அவனைத் தாங்கிப் பிடித்தது. அப்பின்பாட்டில் ஆசிரியரும் நின்றார். இம்முறை வாயை மட்டும் அசைக்கவில்லை. தகனத்தின்போது மாணவனின் குரல் உடைந்தது. ரதியின் துயரத்தினாலா, களைப்பினாலா என எவராலும் சொல்ல முடியவில்லை. கூட்டத்திலிருந்த மூதாட்டியொருத்தி அவரிடம், "ஒங்கப்பா அளவுக்கு இல்ல ஐயா, ஆனா இருக்கானே, அது போதும்" என்றாள்.

அம்மாணவன் அடுத்த ஆண்டே தொழில் தேடிச் சென்றுவிட்டான். அவ்வாண்டு பழைய ரதி விடுமுறை பெற்று வந்து ஆடினார். அதற்கடுத்த ஆண்டு வேறொருவர். இவ்வாறு ஒவ்வோராண்டும் அவ்வாண்டுக்குரியவரைத் தேடியே கூத்து நடைபெற்று வருகின்றது. கலையை ஒருமுறை காத்து வைத்துவிட்டால் அது என்றும் நிற்கும் என எண்ணிய மாணவப் பருவத்து நம்பிக்கை அவரிடம் இப்போதில்லை. ஒலிநாடா சொற்களைக் காத்தது உண்மை. அதுவின்றேல் அவ்வாண்டிற் புலம்பல் இல்லை. ஆனால் நாடாவினால் ஐந்தாம் அடியைத் தாண்டச் செய்ய முடியவில்லை. அதற்கு வந்து நிற்கும் ஆட்கள் வேண்டும். ஆய்வும் ஆட்டமும் ஒன்றையொன்று வேண்டி நிற்பனவேயன்றி, ஒன்றுக்கொன்று ஈடாவன அல்ல.

மலையக மக்கள் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்தமையை நினைவுகூர்ந்து, 2023ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபவனி இடம்பெற்றது. முன்னோர் நடந்து வந்த வழியை வழித்தோன்றல்கள் மீண்டும் நடந்தனர். உரிமை வேண்டி நாட்டின் முன் தம்மை எண்ணிக் காட்டிய பெருநிகழ்வு அது. மாசி தோறும் பொட்டலிற் கூடும் மக்கள் அதே செயலைச் சிறிய அளவில், எவருக்கும் காட்டும் நோக்கமின்றி, தமக்குத் தாமே செய்துகொள்கின்றனர் எனலாம்.

இன்று கண்டியிலிருந்து பஸ்ஸேறித் தோட்டத்துக்குச் செல்லும் அம்முதிய ஆசிரியர், பொட்டலின் ஓரத்தில் இளைஞர் பலர் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்து நிற்பதைக் காண்கின்றார். கடல் கடந்த உறவினர்க்கு அவ்வொளிப்படங்கள் அந்நொடியே சென்று சேர்கின்றன என்பதறிந்து மகிழ்கின்றார். தமிழ்நாட்டிலுள்ள அவரது அண்ணன் பிள்ளைகளும் அவ்வாறே பார்க்கின்றனர். ஆகவே அவர் இளைஞரைக் கடிவதில்லை. பின்பாட்டுக்கு ஆள் குறையும்போது மட்டும் அவர்களுள் ஒருவனின் தோளைத் தொட்டு, "டேய், அத வச்சுட்டு வா" என்கின்றார். 'வாங்க' என்று அவர் சொல்வதில்லை.

விழா முடிந்த மறுநாள் விடியலிற் பெரட்டுக் களத்தில் வழமைபோல் ஆட்கள் எண்ணப்படுவர். செக்றோலிற் பெயர்கள் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றன. காமன் வரிக்கொப்பியோ இருமுறை புதுக்கொப்பிக்குப் பெயர்த்தெழுதப்பட்டுவிட்டது. பெயர்த்தெழுதியவர் அந்த ஆசிரியரே. பழைய கொப்பியிலிருந்த பெயர் எதனையும் அவர் விடவில்லை. தந்தையின் பெயரும் அண்ணனின் பெயரும் அடுத்தடுத்த வரிகளில் உள்ளன. அவற்றின்கீழ்த் தம் பெயரை எழுதி, அவ்வாண்டுக்குரிய வரியைச் செலுத்திய பின்னரே அவர் கண்டிக்குப் பஸ்ஸேறினார்.